சரளையின் மேல் ஒரு சாண்

சித்திரை வெயிலில், காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை விட்டு இறங்கி, படலைத் திறந்துகொண்டு ஒரு கொரங்காட்டுக்குள் நுழைகிறவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றே தோன்றும். சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்கும் புல்தூறுகள், ஒன்றையொன்று விட்டு எட்டி நிற்கும் வெள்வேல மரங்கள், இலை முழுதும் உதிர்ந்து வெறும் முள்ளாய் நிற்கும் கிளுவை வேலி, காலடியில் நறநறக்கும் சரளை. இத்தகைய ஒரு காட்டில் கிராவல் எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போகும்போது, நிலத்தின் தன்மை பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது: தரிசு. கொஞ்சம் விரிவாக எழுதுகிறவர்கள் ‘புல்லும் முட்புதரும்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். எழுதிய கை பொய் சொல்லவில்லை. கோடையில் கண்ணுக்குப் பட்டதைத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் கொங்கு நாட்டு மேட்டுநிலத்தின் கதை கோடையில் தொடங்கி கோடையில் முடிவதல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த நிலத்தைப் பார்த்தவர்கள் என்னென்ன பார்த்தார்கள், அதற்கு என்ன பெயரிட்டார்கள், அதிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்த்தால், அந்த ஒற்றைச் சொல்லுக்கு அடியில் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது விளங்கும்.

கொரங்காடு என்பது தானாக உண்டான வெளி அன்று; மனிதரும் மழையும் மாடும் சேர்ந்து பல தலைமுறைகளாக ஆக்கிய மேய்ச்சல் நிலம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில், ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழையே பெறும் மேட்டுப்பாங்கான புஞ்சையில், சில ஏக்கர் பரப்பை நாற்புறமும் முள்கிளுவை வைத்து அடைப்பார்கள். உள்ளே தரையெங்கும் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல். மூன்றும் மூன்று வேலை செய்யும். கிளுவை காக்கும், புல் ஊட்டும், வேலமரம் நிழலும் கோடைக்கு நெற்றும் கொடுக்கும். வேலி அடைந்துவிட்டால் மாட்டுக்கு மேய்ப்பவர் வேண்டியதில்லை. இரவும் பகலும் உள்ளேயே கிடக்கும். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றி, முன்னதை ஆறப்போடுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் உழவு ஓட்டி, சோளமோ கொள்ளோ நரிப்பயறோ விதைத்து எடுத்துவிட்டு, மறுபடி புல்லுக்கே விட்டுவிடுவார்கள். கொங்குப் பேச்சில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் வனத்துக்குப் போவதாகப் பொருளில்லை. தன் புஞ்சைக்குப் போவதாகப் பொருள். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், வாய்க்கால் பாய்வது வயல், வானத்தை நம்பியது காடு. அந்தக் காடுகளிலேயே மிகக் குறைவாகக் கேட்டு மிக நெடுங்காலம் கொடுத்து வந்தது இந்தப் புல்காடு.

குனிந்து பார்த்தால் நிலம் வேறு முகம் காட்டுகிறது. புல்தூறு ஒன்றை விரலால் விலக்கினால், காய்ந்த தாள்களுக்கு நடுவே, தரைமட்டத்தில், வெளிர்ப்பச்சையாக ஒரு குருத்து இன்னும் ஈரத்தோடு இருக்கும். பக்கத்தில் கிடக்கும் ஆட்டுப் புழுக்கையை உடைத்தால் வெள்வேல விதை ஒன்று வழுவழுவென்று வெளிவரும். ஆட்டின் வயிற்றில் ஊறி மேல்தோல் இளகிய அந்த விதைக்கு இனி ஒரு நல்ல மழைதான் பாக்கி. சரளைக்கல் ஒன்றைப் புரட்டினால் அதன் அடிப்புறத்தில் கறையான் பூசிய மண் ஒட்டியிருக்கும். காற்றில் உருண்டு வந்த கொழுக்கட்டைப்புல்லின் விதைப்பஞ்சு அந்தக் கல்லின் ஓரத்தில் தங்கியிருக்கும். வேலியோரம் போனால், கிளுவை முள்ளின் காவலில் பிரண்டையும் கோவையும் முடக்கத்தானும் ஏறிக் கிடக்கும். உள்ளே கௌதாரி குடும்பத்தோடு பதுங்கியிருக்கும். இவ்வளவும் நடப்பது சரளைக்கு மேலே இருக்கும் ஏறக்குறைய ஒரு சாண் மண்ணில். செம்மையும் கருமையும் கலந்த அந்த மெல்லிய போர்வைக்குள்தான் வேரும் விதையும் சாணமும் புழுவும் பூஞ்சையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

போர்வைக்குக் கீழே இருக்கும் சரளையும் உயிரற்ற நிரப்பு அன்று. கொங்கு நாட்டின் அடித்தளம் மிகப் பழைய பாறைகளால் ஆனது. அந்தப் பட்டைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் நைந்து, உடைந்து, குருணைக் கல்லாகி, இடையில் சுண்ணாம்புச் சத்து இறுகிச் சுக்கானாகி உண்டானது இந்தச் சரளைப் படுகை. மழைநீர் மேல்மண்ணில் நின்று வழிந்தோடாமல் இறங்குவதும், இறங்கிய நீர் பாறை வெடிப்புகளைத் தேடிக் கிணற்றுக்குப் போவதும் இதன் வழியாகத்தான். கொழுக்கட்டைப்புல்லின் வேர் ஆழமான மண்ணில் ஆளுயரத்துக்கும் கீழே போகும். இங்கே சரளை இடுக்குகளில் நுழைந்து, மேலே எல்லாம் வறண்ட பிறகும் கீழே மிஞ்சிய ஈரத்தை நக்கிக்கொண்டு உயிரைப் பிடித்துவைக்கும். 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேல்மண் உருவாக 1,000 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், நம் காலடியில் கிடக்கும் ஒரு சாண் மண் நம் மொழியின் எழுத்துச் சான்றுகளைவிட மூத்தது.

மொழியைச் சொன்னதால் ஒரு பழைய சொல்லையும் சொல்ல வேண்டும். பரல் நிறைந்த மேட்டுநிலத்துக்குச் சங்கத் தமிழில் முரம்பு என்று பெயர். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில், பெருஞ்சேரல் இரும்பொறையின் யானைப்படையைப் புகழ வந்த அரிசில்கிழார், அந்தப் பெருக்கத்துக்கு உவமை தேடியபோது அவர் கண்முன் வந்தது கொங்கரின் முரம்பு நிலமும் அதில் பரந்து மேயும் ஆநிரையும்தான். அதே நூலின் மூன்றாம் பத்தில் பாலைக் கௌதமனார் காட்டும் கொங்கு நாட்டில், வன்னிலத்தை உடைத்துத் தோண்டிய கிணறுகளில் கயிறு கட்டி முகந்த கொஞ்ச நீரை மொய்த்துக்கொள்ளும் பசுக்கள் வருகின்றன. நீர் அரிது, நிலம் வன்மை, கல் மிகுதி, ஆயினும் மாடு பெருக்கம். இந்த நான்கும் ஒரே காட்சியில் சேர்ந்து நிற்பது தற்செயல் அன்று. புலவர்கள் கண்டது நாம் காணும் அதே நிலம். அவர்கள் அதைச் செல்வத்துக்கு உவமையாக்கினார்கள். முரம்பு என்ற சொல் பேச்சிலிருந்து நழுவி, சரளை என்றாகி, இப்போது கிராவல் என்றாகியிருக்கிறது. முதற்சொல் நிலத்தின் பெயர்; அதில் புல்லும் மாடும் நீரும் அடங்கும். கடைசிச் சொல் லாரியில் ஏற்றும் பொருளின் பெயர். அதில் யூனிட் கணக்கு மட்டும் அடங்கும்.

இந்த மண்ணை யாரும் எக்காலத்திலும் தோண்டியதில்லை என்று சொல்வது வரலாற்றுக்கு உண்மையாக இராது. கொங்கர் ஓயாமல் தோண்டியவர்கள். நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகள், இரும்பு உருக்கிய உலைகளையும், கல்மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் தடயங்களையும், பரலைக் குவித்துக் கல்வட்டம் அமைத்து மூடிய பெருங்கற்கால ஈமக்குழிகளையும் வெளிக்கொண்டு வந்தன. அங்கே கிடைத்த பச்சைக்கல்லும் நீலக்கல்லும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பாறைகளுக்குச் சொந்தமானவை. காங்கயத்துக்குப் பக்கத்திலுள்ள படியூரில் 1819, 1820 ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஒருவர் பச்சைக்கல் சுரங்கம் வெட்டி 2,196 கற்கள் எடுத்ததாகப் பதிவு இருக்கிறது. சிவன்மலையைச் சுற்றிக் குருந்தக்கல் தேடியவர்களும் உண்டு. கிணறு வெட்டுவதோ கொங்குக் குடியானவரின் பரம்பரைத் தவம். சரளையைத் தாண்டி, சுக்கானைத் தாண்டி, பாறையைப் பிளந்து, நூறடிக்கும் கீழே போய் நீர் தேடியவர்கள் அவர்கள். இறந்தவருக்காகவும் இரும்புக்காகவும் மணிக்காகவும் நீருக்காகவும் இத்தனை குழிகள் விழுந்தும் முரம்பு முரம்பாகவே இருந்தது. குழி வெட்டினார்கள், தோலை உரிக்கவில்லை. தோண்டிய இடத்தைச் சுற்றிப் புல் இருந்தது. ஆள் விலகியதும் அந்தப் புல்லே நகர்ந்து வந்து தூர்த்துக்கொண்டது.

அழிவும் இந்த நிலத்துக்குப் புதிதன்று. 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூர்ச் சீமையின் வழியே பயணம் செய்தபோது, மைசூர்ப் போர்களின் படைநடமாட்டம் ஓய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. படைகள் போன வழியில் மாடும் தீவனமும் மிஞ்சுவதில்லை. பிறகு, 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பாட்டிமார் வாயில் பெயர் நிற்கிறது. மனிதர் புலம்பெயர்ந்தார்கள், பட்டிகள் வெறுமையாயின, உழவு மாடுகள் ஏரோடே விழுந்தன. அது நடந்து பத்தாண்டு கழியாத நிலையில், 1887-ல், பிரடெரிக் நிக்கல்சன் கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றிய தம் பெரிய கையேட்டை எழுதினார். அந்தத் தலைமுறையிலேயே பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம், குறிப்பாக நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார், நல்ல காளைகளைத் தேர்ந்து, கிடாரிகளைப் பொறுக்கி, காங்கயம் இனத்தை இன்று நாம் அறியும் உருவத்துக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. 1936-ல் லிட்டில்வுட் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி நூல் எழுதியபோது காங்கயம் மாடு புகழின் உச்சியில் இருந்தது. பஞ்சம் துடைத்துப் போட்ட நிலம் அறுபது ஆண்டுகளுக்குள் நாட்டின் பெயர்பெற்ற உழவு மாட்டின் தொட்டிலாக மாறியது எப்படி? ஆள் போனார், மாடு போனது, வேலிகூடச் சில இடங்களில் போயிருக்கும். மண் போகவில்லை. தூற்றின் அடியில் குருத்து காத்திருந்தது.

காங்கயம் மாட்டையும் இந்தச் சரளையையும் பிரித்துப் பேச முடியாது. பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஆறு மாதம் போனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும் அந்தக் கன்று, முதலில் நடை பழகுவது பரல் மேல். இறுகிய குளம்பும், மெலிந்தாலும் தளராத கால்களும், காய்ந்த தாளைத் தின்று இழுவைக்குத் தாங்கும் உடம்பும் கொட்டகையில் வளர்ந்தவை அல்ல. மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறம் பார்த்துப் பெயரிட்ட மக்கள், கண்ணபுரம் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது, மாட்டை மட்டும் பேசவில்லை. அது எந்தக் காட்டில் மேய்ந்தது என்பதையும் சேர்த்தே பேசினார்கள். 2017 தை மாதம் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையில் கூடிய இளைஞர்கள் நாட்டு மாடுகளின் பெயர்களை உரக்கச் சொன்னபோது நாம் நெகிழ்ந்தோம். அந்தப் பெயர்களுக்கு அடியில் ஒரு புல்லின் பெயரும் ஒரு மரத்தின் பெயரும் ஒரு வேலியின் பெயரும் உண்டென்பதை அப்போது நமக்கு நினைவூட்ட யாரும் இல்லை. மாட்டை மரபு என்று கொண்டாடிவிட்டு, அது நிற்கும் தரையைத் தரிசு என்று எழுதுவது, பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டே தாயை வீட்டை விட்டு அனுப்புவது போல.

தரிசு என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. உழவன் வாயில் அது ஓய்வில் இருக்கும் நிலத்தைக் குறித்தது. ‘இந்த வருசம் தரிசாப் போட்டிருக்கேன்’ என்பதில் அடுத்த வருசம் அடங்கியிருக்கிறது. வரித் தண்டலின் கணக்கில் அது வருமானம் தராத நிலமாயிற்று. ஒருமுறை கணக்கில் அப்படி ஏறிய பின், அதை எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாகப் படிந்துவிட்டது. ஊர்ப் பொதுவான மேய்க்கால் புறம்போக்குகள் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கரைந்தன. விடுதலைக்குப் பின் வந்த நல்ல காரியங்களும் இதே சொல்லின் வழியாகவே நுழைந்தன. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் ஓடத் தொடங்கியபோதும், பின்னர்ப் பரம்பிக்குளம் ஆழியாற்றுத் தண்ணீர் வந்தபோதும், புல்காடுகள் பல தோட்டமாயின. அதனால் அடுப்பெரிந்த வீடுகள் ஆயிரம், அதைக் குறைசொல்ல எவருக்கும் வாயில்லை. பம்புசெட்டு வந்து கவலை இறைத்த மாடு ஓய்ந்தது. டிராக்டர் வந்து ஏர் மாடு ஓய்ந்தது. 1992-ல் பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகி, கீழே இருந்த வயல்களையும் கிணறுகளையும் உப்பாக்கியது. சீமைக்கருவேலம் வேலிக்கென்று வந்து காட்டையே பிடித்தது. ஒவ்வொரு முறையும் ஒரு வாக்குறுதி முன்னே வந்தது. நிலத்திடம் ‘உன்னிடம் முன்பு என்ன இருந்தது’ என்று கேட்பது எப்போதும் பின்னால் வந்தது.

கிராவல் குவாரி இந்த நீண்ட வரிசையில் கடைசியாக வந்து நிற்கிறது. ஆனால் அது வேறு வகை. பஞ்சம் மாட்டை எடுத்தது, பாசனம் புல்லை எடுத்தது, சாயம் நீரை எடுத்தது. எல்லாவற்றுக்கும் பிறகு மண் அங்கேயே கிடந்தது, அதனால் திரும்பி வருவதற்கு ஒரு வழியும் கிடந்தது. இங்கே எடுக்கப்படுவது அந்த வழியே. பொக்லைன் முதலில் மேல்மண்ணை வழித்து ஓரம் கட்டுகிறது. திட்டத்தின்படி வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பரப்ப வேண்டும். ஆனால் குவியலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மண் உள்ளே காற்றின்றிப் புழுங்கும். விதைகள் முளைப்புத் திறன் இழக்கும், வேரோடு வாழ்ந்த பூஞ்சைகள் மடியும், மழை ஒருபுறம் கரைத்துக்கொண்டு போகும். கீழே சரளைப் படுகை போய்விட்டால், திரும்பப் பரப்பிய மண்ணுக்கு வேரிறக்க இடமும் இல்லை, ஈரம் தேங்க இடுக்கும் இல்லை. குழியில் நீர் நின்றால் கொசுவும் ஆபத்தும், வற்றினால் பாறை, இரண்டுக்கும் நடுவே முளைப்பது சீமைக்கருவேலம். சுற்றியுள்ள காடுகளில் டிப்பர் லாரிகள் கிளப்பும் செம்புழுதி புல்லின் மேல் படியும். பல் தேய்ந்த ஆடு அதை மோந்து பார்த்து விலகும். ஒரு காடு போனால் அதன் வேலியைப் பொதுவாகக் கொண்ட பக்கத்துக் காடும் பாதி போனதுதான்.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுச் சிறுகனிம விதிகள் 1959-லிருந்து இருக்கின்றன. 2006-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்கும் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்குக்கூடச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. சிறுசிறு குழிகள் சேர்ந்து பெருங்காயமாகும் என்பதை உணர்ந்த தீர்ப்பு அது. அதன் பிறகு ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் தாவரங்களுக்கு ஒரு பக்கமும் மண்ணுக்கு ஒரு பக்கமும் ஒதுக்கப்படுகின்றன. குறை அந்தப் பக்கங்களை நிரப்பும் பொழுதில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் உயிர்பெறும் நிலத்தைக் கோடையில் வந்து எண்ணினால் செடிகளின் பட்டியல் குறுகும். மரத்தை எண்ணத் தெரிந்த கண்ணுக்குப் புல்லை எண்ணத் தெரியாது. வனம் என்றால் மரம் என்று பழகிய நம் கல்வி, புல்வெளியை மரம் இல்லாத குறையாகவே பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கிளுவை வேலியை ‘எல்லை’ என்று வரைபடத்தில் கோடாகப் போட்டுவிட்டால், அதற்குள் வாழும் கௌதாரி எந்தப் பக்கத்திலும் இடம்பெறாது.

சரளை வேண்டாம் என்று எழுதுவதற்கு என் கையும் கூசும். நாம் நடக்கும் சாலையின் அடியிலும், நம் வீட்டுத் தளத்தின் அடியிலும், ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் கரையிலும் எங்கோ ஒரு காட்டின் சரளை கிடக்கிறது. பட்டாவைக் கையில் வைத்திருக்கும் குடியானவருக்கும் தேவைகள் உண்டு. மாடு கட்டுபடியாகாமல், மழை பொய்த்து, பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில், சும்மா கிடக்கிற காட்டுக்கு ஒரு விலை வருகிறது என்றால் அவர் என்ன செய்வார்? அவரைக் குற்றம் சொல்லிவிட்டு நகரத்துக்குத் திரும்பிப் போவது எளிது. கொரங்காட்டைக் காப்பதால் அவருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை, அதை இழப்பதால் மட்டுமே காசு கிடைக்கிறது என்ற ஏற்பாட்டை உண்டாக்கியவர்கள் நாம் எல்லோரும். அந்த ஏற்பாடும் பழையதுதான். நிலத்தை வருமானத்தால் மட்டும் அளந்த வரிக்கணக்கின் பேரப்பிள்ளை அது.

சில கோடைகளுக்கு முன்பு ஒரு கொரங்காட்டு வேலியோரம், மேச்சேரி ஆடுகள் நாலைந்தை வேல நிழலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். தரையைக் காட்டி, “புல்லெல்லாம் செத்துப் போச்சுங்களா ஆத்தா?” என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “சாகறதாவது கண்ணு, அது தூங்குது. ஒரு ஒழவு மழ பேஞ்சு, ஒரு வாரங் கழிச்சு வந்து பாரு” என்றார். வேலி யார் வைத்தது என்று கேட்டபோது, அவருடைய மாமனார் என்றார்; மழை பிடித்த ஒரு மாதத்தில் கிளுவைப் போத்துகளை வெட்டி வந்து, சாண் இடைவெளியில் ஊன்றிக்கொண்டே போனாராம். வேர் இல்லாத வெறும் குச்சிகள். அவை பிடித்து, கிளைத்து, ஒன்றோடொன்று கோத்து, ஆடு நுழையாத வேலியாக அடைய ஆண்டுகள் ஆகும். வைத்தவர் போய்ச் சேர்ந்தார்; வேலி நிற்கிறது. தன் காலத்துக்குள் முழுதாக அடையாத வேலியை ஊன்றுகிறவருக்கு, தனக்குப் பின்னும் இங்கே மாடு இருக்கும், அதை மேய்க்க ஆள் இருக்கும் என்ற உறுதி இருந்திருக்க வேண்டும். அந்த உறுதிக்கு அடியில் இருந்தது இந்த ஒரு சாண் மண்.

ஐக்கிய நாடுகள் அவை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்தது. ஆண்டுகள் வந்து போகும். அரிசில்கிழார் பார்த்த முரம்பு அறிவிப்பு ஏதும் இல்லாமலே இரண்டாயிரம் ஆண்டுகள் நின்றது. அதைப் பஞ்சத்துக்குப் பின்னும் படைக்குப் பின்னும் கைமாற்றிக் கொடுத்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களின் பெயர்கள் கிளுவை வேலிகளாகவும், நிறம் பிரித்து மாட்டுக்கு இட்ட சொற்களாகவும், ‘ஒரு உழவு மழை’ என்ற அளவாகவும் நம்மிடம் வந்திருக்கின்றன. அந்த வாரிசுரிமையை ஏற்பதென்றால், எல்லாக் குவாரிகளையும் ஒரே நாளில் மூடுவது என்று பொருளில்லை. எந்தக் காட்டை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று பிரித்தறியும் பொறுமை வேண்டும். உழுது கெட்டு, சீமைக்கருவேலம் மண்டிய நிலத்தையும், பழம்புல் பிடித்த கொரங்காட்டையும் ஒரே சொல்லால் குறிக்காத நேர்மை வேண்டும். காப்பவருக்கும் ஒரு வருமானம் வேண்டும். அதற்கெல்லாம் முன்னதாக, ஒரு சின்ன வழக்கம் போதும். கொங்கு மேட்டில் ஒரு காட்டைத் தரிசு என்று எழுதக் கோப்போடு வருகிறவர், ஐப்பசிவரை பொறுத்திருந்து, ஓர் உழவு மழை பெய்து ஒரு வாரம் கழித்து வரட்டும். படலைத் திறந்து உள்ளே வந்து, கணுக்கால் உயரத்துக்குப் புல் எழுந்த தரையில், மாடு மேயும் ஓசை கேட்கும் தூரத்தில் நின்று எழுதட்டும். அப்போது என்ன எழுதுகிறாரோ, அதை வைத்து முடிவு செய்வோம்.